ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்: ஸ்டார் வார்ஸ் ஏன் இன்னும் பழசாகவில்லை

கேள்வி: "1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தைப் போன வாரம்தான் முதன்முறையாகப் பார்த்தேன். கதை ரொம்ப நேர்கோடு. நல்லவன், கெட்டவன், இளவரசி, சண்டை, வெற்றி. கிராபிக்ஸும் இன்றைய படங்களோடு வைத்துப் பார்த்தால் சாதாரணம்தான். இதை ஏன் இத்தனை வருஷமாகத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? சின்ன வயதில் பார்த்தவர்களின் ஏக்கம் என்பதைத் தாண்டி இதில் ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. வெறும் ஏக்கம் என்று சொன்னால் கணக்கு இடிக்கும். அன்று 10 வயதில் பார்த்தவருக்கு இன்று 60 நெருங்குகிறது. ஆனால் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பாகத்தைத் தேடி ஓடுகிறவர்களில் அவருடைய பேரப்பிள்ளை வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். தான் பிறக்காத ஒரு வருஷத்துக்காக யாரும் ஏங்க மாட்டார்கள். இந்தப் படங்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன், அவை உருவான விதத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதிலிருந்து எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: இந்தப் படம் பழசாகாததற்குக் காரணம், அது வெளிவந்த நாளிலேயே பழசாக இருந்ததுதான். வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

முதல் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் நீல எழுத்தில், வெகு காலத்துக்கு முன்னால், எங்கோ தொலைதூரத்து விண்மீன் மண்டலத்தில் என்று வருகிறது. விண்கலமும் ரோபோவும் லேசர் துப்பாக்கியும் வரப்போகிற ஒரு படம் 'முன்னால்' என்று ஆரம்பிக்கிறது. தமிழில் இந்த உணர்வுக்கு அச்சாக ஒரு சொல்லொட்டு உண்டு. "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்" என்று பாட்டி சொல்லும்போது கடைசியில் ஒட்டிக்கொள்கிற 'ஆம்'. நான் பார்த்ததில்லை, எனக்கு யாரோ சொன்னார்கள், அவர்களுக்கும் யாரோ சொன்னார்கள் என்பதை இரண்டே எழுத்தில் அது சொல்லிவிடும். படத்தை எழுதி இயக்கிய ஜார்ஜ் லூகாஸ் தேடியதும் இதைத்தான். ஆரம்பகால எழுத்துப் பிரதிகளில், இந்தக் கதை 'விஸ்களின் குறிப்பேடு' என்ற ஒரு பழைய ஏட்டிலிருந்து எடுத்தது என்ற பாவனை இருந்தது. படத்துக்கு முன்பே 1976 கடைசியில் வந்த நாவலின் முகவுரையும் அந்த ஏட்டின் ஒரு பகுதி போலவே எழுதப்பட்டது.

நாளை இப்படித்தான் இருக்கும் என்று சொல்கிற படத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அந்த நாளை ஒருநாள் வந்து நிற்கும். படத்தில் காட்டிய கணினியும் உடையும் சிகையலங்காரமும் அன்றைக்குச் சிரிப்பாகிவிடும். ஸ்டார் வார்ஸ் அந்தப் பரீட்சைக்கே உட்காரவில்லை.

சரி, வாக்கியம் ஒன்று போட்டுவிட்டால் பழமை வந்துவிடுமா? வராது. கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

அதுவரை ஹாலிவுட்டில் விண்வெளி என்றால் பெரும்பாலும் பளிச்சென்ற வெள்ளைச் சுவர், மடிப்புக் கலையாத உடை, துடைத்துவைத்த தரை. லூகாஸ் கேட்டது நாலு பேர் கைபட்ட, பயன்படுத்தித் தேய்ந்த ஒரு பிரபஞ்சம். 1976இல் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன், விமானங்களை உடைத்து விற்கும் காயலான் கடைகளிலிருந்து உதிரிபாகங்களை வாங்கி வந்து சுவரெங்கும் பதித்தார். நாயகன் லூக்கின் ஒளிவாளுக்குக் கைப்பிடி வேண்டியிருந்தபோது கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய கேமராவின் ஃபிளாஷ் பிடியை எடுத்து மாற்றியமைத்தார். லூக்கோடு சேரும் விண்கல ஓட்டி ஹான் சோலோவின் துப்பாக்கிக்கு அடியில் இருப்பது 19ஆம் நூற்றாண்டு முடியும்போது வந்த மவுசர் கைத்துப்பாக்கி. வெள்ளைக் கவசப் படைவீரர்கள் தூக்கிக்கொண்டு ஓடுவது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங். விண்கல மாடல்களின் மேலே அடர்த்தியாகத் தெரியும் குழாய், பெட்டி, திருகு எல்லாம் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பீரங்கி, கப்பல் பொம்மைகளிலிருந்து பிய்த்து ஒட்டியவை.

பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கண் ஏமாறாது. ஒரு பொருள் நிஜமாகவே யாரோ பயன்படுத்தியது என்றால் அதன் கீறலும் தேய்மானமும் சரியான இடத்தில் இருக்கும். படத்தில் லூக் முதன்முதலாக ஹானின் கலமான மில்லேனியம் ஃபால்கனைப் பார்த்ததும் குப்பை என்கிறான். ரோபோக்களைப் பாலைவனத்து வியாபாரிகள் செகண்ட்ஹேண்டில் விற்கிறார்கள், வாங்கிய ஒன்று நாலடி நகர்வதற்குள் புகைந்து நிற்கிறது. இந்த உலகத்தில் சாமான்கள் பழுதாகும், லூக்கின் மாமா பேரம் பேசுவார், அறுவடை முடியாமல் பையனை வெளியூருக்கு அனுப்ப மாட்டார். அடுத்த முறை பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: படத்தில் தரை முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிற இடம் டெத் ஸ்டார், வில்லன்களான பேரரசின் விண்வெளிக் கோட்டை. கிளர்ச்சியாளர்களின் கலங்களில் எண்ணெய்க் கறை. யார் யார் எந்தப் பக்கம் என்பதைத் தரையே சொல்லிவிடுகிறது.

லூக் வளரும் கிரகத்தின் பெயர் டாட்டூயின். படம் எடுத்த துனிசியாவில் டாட்டாவின் என்று ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறது. அவன் வீட்டின் உள்முற்றம் மட்மாட்டாவில் தரையைக் குடைந்து கட்டிய பெர்பர் மக்களின் குடியிருப்பு, இன்று சிதி திரிஸ் என்ற விடுதி. நாலுபுறமும் மண்சுவர், மேலே வானம். அந்த வீட்டுக்குத் தலைமுறைகளின் வயது. அந்த வயதை எந்த செட்டாலும் கொண்டுவர முடியாது.

ஒலிக்கு வருகிறேன். நீங்கள் இந்தப் படத்தை மடிக்கணினியின் ஸ்பீக்கரில் பார்த்திருந்தால் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பென் பர்ட் என்ற இளைஞரிடம் ஒலி வேலை போயிற்று. அன்றைய வழக்கப்படி மின்னணுக் கருவியில் 'பீப் பீப்' என்று தட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டும் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்தார், அதுதான் லேசர் துப்பாக்கி. யானையின் பிளிறலையும் ஈரச்சாலையில் கார் சீறிப்போகும் சத்தத்தையும் கலந்தார், அதுதான் எதிரிகளின் டை விமானம். கரடியும் வால்ரஸும் வேறு சில மிருகங்களும் சேர்ந்து, ஹானின் ரோமம் அடர்ந்த தோழன் சூபாக்காவின் குரல் ஆயின. கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடரின் மூச்சு, நீரில் மூழ்கிச் செல்பவர்கள் பயன்படுத்தும் சுவாசக் கருவியின் மூச்சு.

ஒளிவாள் இன்னும் அழகு. பழைய திரைப்பட புரொஜெக்டரின் மோட்டார் சும்மா ஓடும்போது வரும் ரீங்காரம், அதோடு தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் மைக் வயர் போனபோது தற்செயலாக ஏறிய இரைச்சல். இரண்டையும் சேர்த்து ஒரு ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அதன் முன்னால் இன்னொரு மைக்கை வாள்போல வீசி மறுபடி பதிவு செய்தார். வாள் நம்மை நோக்கி வரும்போது ஒலி ஏறி, விலகும்போது இறங்குவது அதனால்தான். இல்லாத ஓர் ஆயுதம், ஆனால் அது காற்றைக் கிழிப்பது பௌதிக விதிப்படி நடக்கிறது. காது அதை நம்பிவிடுகிறது. இந்தப் படத்தின் வேற்றுலக உயிர்கள், மிருகங்கள், ரோபோக்களின் குரல்களை உருவாக்கியதற்காக 1978 ஆஸ்கர் விழாவில் பர்ட்டுக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள்.

1983இல் வந்த மூன்றாவது படத்தில் கூட இதே முறைதான். ஃபால்கனில் துணை விமானியாக வரும் நியென் நன்புக்குக் குரல் கொடுத்தவர் கென்ய மாணவர் ஒருவர். அவர் பேசுவது எதுவும் புனைந்த ஒலி இல்லை, ஆப்பிரிக்க மண்ணின் மொழி.

இசையும் இதே வழியில்தான் வந்தது. விண்வெளிப் படத்துக்குப் புரியாத, விசித்திரமான இசை போடுவது எளிது. கண் பார்ப்பதெல்லாம் புதிதாக இருக்கும்போது காதுக்காவது பழகிய ஒன்று வேண்டும் என்று, இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் 19ஆம் நூற்றாண்டின் பெரிய சிம்ஃபனி மரபுக்கே போனார். லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா 1977 மார்ச்சில் வாசித்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மெட்டு, அது கதையோடு வளரும், உடையும், இன்னொன்றோடு கலக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் இசை நாடகங்களில் செய்தது இது. லூக் வீட்டுக்கு வெளியே வந்து இரட்டைச் சூரியன் மறைவதைப் பார்க்கும் காட்சி இருக்கிறதே, அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது. அதற்கு வில்லியம்ஸ் முதலில் வேறு மாதிரி எழுதி, பிறகு மாற்றினார். இப்போது அங்கே வருவது 'ஃபோர்ஸ்' என்று படம் சொல்லும் மாயச் சக்திக்கான மெட்டு. அவனுக்கே இன்னும் தெரியாத ஒன்று அவன் தலைக்கு மேலே ஒலிக்கிறது. ஊரைவிட்டுப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட எந்தப் பிள்ளைக்கும் அந்த 30 விநாடி போதும். என் கணிப்பில் முதல் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, க்ளைமாக்ஸில் இல்லை.

க்ளைமாக்ஸைப் பற்றி ஒரு தொழில்நுட்பச் செய்தி, ஏனென்றால் நீங்கள் கிராபிக்ஸ் சாதாரணம் என்றீர்கள். அதில் கணினி வரைகலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தாக்குதல் திட்டத்தை விளக்கும் காட்சியில் ஒரு சின்ன வரைபடம் மட்டும் கணினியில் செய்தது. மற்றவை எல்லாம் கையால் கட்டிய மாடல்கள். இதற்காகவே லூகாஸ் 1975இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே வான் நைஸ் என்ற இடத்தில் ஒரு கிடங்கை எடுத்து இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற சிறப்புக் காட்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு அங்கே ஒரு கருவியைச் செய்தது. மாடலை அசைக்காமல் கேமராவை நகர்த்தும். போன வழியை நினைவில் வைத்து, மயிரிழை பிசகாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் அதே வழியில் திரும்பப் போகும். அதனால் கலம் ஒரு தடவை, அதன் என்ஜின் வெளிச்சம் ஒரு தடவை, நட்சத்திரம் ஒரு தடவை என்று தனித்தனியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்த முடிந்தது. அதில் பூட்டிய கேமராக்கள்? 1960களின் தொடக்கத்தோடு வழக்கொழிந்துபோன விஸ்டாவிஷன் முறைக்கானவை. பிலிமில் படம் பெரிதாக விழும், அடுக்கடுக்காகச் சேர்த்தாலும் தரம் குறையாது. அதற்காக யாரும் சீண்டாத அந்தப் பழைய சாதனங்களைத் தேடி வாங்கினார்கள்.

விமானங்கள் எப்படிப் பறக்க வேண்டும் என்று அந்தக் குழுவுக்கு விளக்க, லூகாஸ் இரண்டாம் உலகப் போர்ப் படங்களிலிருந்து விமானச் சண்டைகளை வெட்டி ஒட்டி ஒரு சுருள் தயாரித்துக் கொடுத்தார். க்ளைமாக்ஸில் டெத் ஸ்டாரின் நீண்ட பள்ளத்துக்குள் பறந்து தாக்கும் காட்சிக்கு, ஜெர்மன் அணைகளை உடைக்கப் போன பிரிட்டிஷ் விமானிகளைப் பற்றிய 1955ஆம் ஆண்டுப் படம் ஒன்று முன்மாதிரி. அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளைப் படம்பிடித்த கில்பர்ட் டெய்லரே ஸ்டார் வார்ஸுக்கு ஒளிப்பதிவாளர் என்பது கூடுதல் சுவை. விண்வெளியில் காற்றே கிடையாது, விமானம் சாய்ந்து திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் சாய்கிறது. நம் உடம்புக்குப் பழக்கமான கனமும் வேகமும் அதில் இருப்பதால் அறிவியல் தவறு என்று தெரிந்தும் இருக்கையை இறுக்கிப் பிடிக்கிறோம்.

அடுத்து, கதை நேர்கோடு என்றீர்கள். ஒருவிதத்தில் உண்மை. லூகாஸ் ஜோசஃப் கேம்பெல் எழுதிய புராண ஆய்வுகளைப் படித்தவர், நாயகன் வீட்டை விட்டுப் போய்ச் சோதனைகளைத் தாண்டித் திரும்பும் உலகப் பொதுவான கதைச் சட்டத்தைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார். ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1958இல் எடுத்த 'த ஹிடன் ஃபோர்ட்ரஸ்' படத்திலிருந்தும் ஒன்றை எடுத்தார்: பெரிய மனிதர்களின் கதையை, அதில் மாட்டிக்கொண்ட இரண்டு சாமானியர்களின் பார்வையில் சொல்வது. அங்கே இரண்டு குடியானவர்கள், இங்கே இரண்டு ரோபோக்கள். லூக்கும் அவன் நண்பன் பிக்ஸும் பேசும் ஆரம்பக் காட்சிகளைப் படமாக்கியும் படத்தொகுப்பில் வெட்டிவிட்டார்கள். அதனால் நாயகன் கால் மணி நேரத்துக்கு மேல் திரையிலேயே இல்லை. சண்டை போட்டுக்கொண்டே நடக்கும் அந்த இரண்டு தகரங்களின் பின்னால்தான் நாம் இந்த உலகத்துக்குள் நுழைகிறோம். அவற்றுக்கும் எதுவும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. படத்தொகுப்பாளர்கள் மார்ஷா லூகாஸ், பால் ஹிர்ஷ், ரிச்சர்ட் சூ மூவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது முற்றிலும் நியாயம்.

ஆனால் பல ஆண்டுகளாக மக்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்தச் சட்டம் இல்லை. அது எந்தக் கதையிலும் கிடைக்கும். இதில் சொல்லாமல் விட்டவைதான் காந்தம். முதல் படத்தில் தனக்குக் குருவாகும் முதியவர் ஓபி-வானிடம் லூக் ஒரு போரைப் பற்றி ஒரு வரி கேட்கிறான், குளோன் போர்கள் என்று. என்ன போர், யார் யாரோடு? விளக்கம் இல்லை. செனட்டைக் கலைத்துவிட்டார்கள் என்று ஒரு அதிகாரி போகிற போக்கில் சொல்கிறார். பேரரசரைக் காட்டவே இல்லை. லூக்கின் அப்பாவை வேடர் கொன்றுவிட்டான் என்று ஒரு தகவல், அவ்வளவுதான். பாட்டி கதை சொல்லும்போது 'அந்த ராஜாவுக்கு ஒரு பழைய பகை இருந்ததாம்' என்று தாண்டிப் போவார் அல்லவா, அதே மாதிரி. அந்தப் பகை என்ன என்று குழந்தை ராத்திரி முழுக்க யோசிக்கும்.

அந்த இடைவெளி எவ்வளவு பயன்பட்டது என்று பாருங்கள். இரண்டாவது படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிய முதல் பிரதியில் லூக்கின் அப்பா தனி ஆள், ஆவியாக வந்து மகனோடு பேசுகிறார். பிராக்கெட் 1978இல் காலமான பிறகு லூகாஸ் எழுதிய பிரதியில்தான் வேடரே அப்பா என்ற திருப்பம் வந்தது. லாரன்ஸ் காஸ்டன் அதைச் செதுக்கினார். படப்பிடிப்பில் ரகசியம் வெளியே போகாமல் இருக்க, வேடர் உடைக்குள் இருந்த டேவிட் ப்ரவுஸுக்குப் பொய் வசனம் கொடுத்தார்கள். உன் அப்பாவைக் கொன்றது ஓபி-வான் என்றுதான் அவர் பேசினார். உண்மை வசனத்தைப் பிறகு குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸே, படித்ததும் வேடர் பொய் சொல்கிறான் என்று நினைத்தாராம். 1980இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் அதையே நினைத்தார்கள், மூன்று வருஷம் வாதாடினார்கள்.

ஆகவே, தயவுசெய்து முதல் படத்தோடு நிறுத்தாதீர்கள். இர்வின் கெர்ஷ்னர் இயக்கிய 1980ஆம் ஆண்டுப் படத்தில் நேர்கோடு முறிகிறது. நாயகனுக்குக் கை போகிறது, நண்பன் உறைந்துபோகிறான், வெற்றி என்று ஒன்று இல்லவே இல்லை. 1983இல் முடிவு வரும்போது நாயகன் ஜெயிப்பது வாளை வீசி அல்ல. அப்பாவைக் கொல்லும் தருணத்தில், வெட்டுண்ட அவருடைய எந்திரக் கையையும் தன் எந்திரக் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாளைத் தூக்கி எறிகிறான். நீங்கள் சொன்ன நல்லவன் கெட்டவன் கணக்கு அந்த இடத்தில் கலைந்துபோகிறது. இத்தனை தடவை பார்த்தும் அங்கே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

குறைகள் இல்லையா? உண்டு. வசனங்கள் பல இடத்தில் மரக்கட்டை. தட்டச்சு செய்யத்தான் முடியும், வாயால் சொல்ல முடியாது என்று ஹானாக நடித்த ஹாரிசன் ஃபோர்ட் லூகாஸிடமே முறையிட்டது பிரபலம். முதல் படத்தில் இளவரசி லேயாவையும் லூக்கின் அத்தையையும் விட்டால் பேசுகிற பெண் பாத்திரம் கிட்டத்தட்ட இல்லை. லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 19 வயதில், காப்பாற்ற வந்தவர்களின் கையிலிருந்தே துப்பாக்கியைப் பிடுங்கி வழியைத் திறக்கும் அந்த வேகத்தால்தான் அந்தக் குறை அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

இந்தத் தொடர் எங்கே சறுக்கியதோ, அங்கேயும் நான் சொல்லும் காரணமே தெரியும். 1999இல் முன்கதை வந்தபோது, ஃபோர்ஸ் என்ற அந்தச் சக்தி ரத்தத்தில் இருக்கும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று விளக்கினார்கள். பாட்டியின் கதையில் யாரோ ரத்தப் பரிசோதனை அறிக்கையை நீட்டியது போல இருந்தது. 1997இல் பழைய படங்களுக்குள் கணினி மிருகங்களைப் புகுத்தியதும் அப்படித்தான். புழுதி படிந்த ஊரில் அவை மட்டும் புத்தம் புதிதாகத் திரிகின்றன, ஒட்டவே இல்லை. அதே முன்கதைப் படங்களில் ஒரு குடியரசு கைதட்டிக்கொண்டே அதிகாரத்தைத் தனிமனிதனிடம் ஒப்படைக்கும் பகுதி எனக்கு உயர்வாகவே படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாறாக, 2016இல் வந்த 'ரோக் ஒன்' முதல் படத்தின் தொடக்கத்தில் மேலே நகரும் எழுத்துகளில் உள்ள ஒரே வாக்கியத்திலிருந்து பிறந்தது: உளவாளிகள் டெத் ஸ்டாரின் வரைபடத்தைத் திருடினார்கள் என்ற வாக்கியம். யார் அந்த உளவாளிகள் என்று 39 வருஷம் இந்தத் தொடரின் எந்தத் திரைப்படமும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் ஒரு முழுப் படத்துக்கு இடம் இருந்தது.

நீங்கள் அடுத்து பார்ப்பதாக இருந்தால் வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள்: 1977, 1980, 1983, அதன் பிறகு மற்றவை. கதை நடந்த கால வரிசையில் பார்த்தால் அப்பா யார் என்பது முன்பே தெரிந்துவிடும், பெரிய இழப்பு. நல்ல ஸ்பீக்கர், இருட்டறை, கைபேசி வேறு அறையில்.

கடைசியாக ஒன்று, ஏக்கம் என்ற உங்கள் சொல்லுக்காக. 2013 ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விண்டோ ராக் என்ற ஊரில் முதல் ஸ்டார் வார்ஸ் படத்தை நவஹோ மொழியில் டப் செய்து திரையிட்டார்கள். நவஹோ பூர்வகுடி மக்களின் மொழி அது, பேசும் இளையவர்கள் குறைந்துவருகிறார்கள். பெரிய திரைப்படம் ஒன்று அந்த மொழியில் வந்தது அதுவே முதல் முறை. பிள்ளைகள் மொழியைக் கேட்க வேண்டும் என்பதற்காக நவஹோ அருங்காட்சியகத்தின் இயக்குநர் பல ஆண்டுகள் முயன்று கொண்டுவந்தது. மொழி தெரிந்த தாத்தா பாட்டிகளும், கதை தெரிந்த பேரப்பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம் எது என்று யோசித்து, அவர் தேர்ந்தெடுத்தது இதை.